சூரல் நரம்பின் இயல்பான அளவு என்ன? அம்மாவின் பரிசோதனை அறிக்கையை எப்படி வாசிப்பது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 63 வயது, பல வருடங்களாக நீரிழிவு. சில மாதங்களாக இரவில் இரண்டு உள்ளங்கால்களும் எரிகின்றன, விரல் நுனிகள் விறைக்கின்றன. டிசம்பர் மழைக்குள் விடியப் புறப்பட்டு, பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து, தனியார் இடமொன்றில், நரம்பை மின்னால் தூண்டி அதில் துடிப்பு எப்படி ஓடுகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்திருக்கிறார்கள். பாதத்தின் வெளி ஓரத்துக்கு உணர்ச்சி தரும் சூரல் நரம்புக்கு வலது காலில் தொடக்கத் தாமதம் (தூண்டியதிலிருந்து அலை தொடங்கும் வரையான நேரம்) 3.7 மில்லிசெக்கன், உச்சத் தாமதம் (அலை உச்சியைத் தொடும் வரையான நேரம்) 4.6, அலையின் உயரம் 7 மைக்ரோவோல்ட், வேகம் செக்கனுக்கு 38 மீற்றர். இடது காலில் அதே வரிசையில் 3.8, 4.7, 6, 37. ஒரு வைத்தியர் “வயதுக்கு இது பரவாயில்லை” என்றாராம். இன்னொருவர் “நரம்பு பழுதாகத் தொடங்கிவிட்டது” என்றாராம். இயல்பான அளவு எவ்வளவு, யார் சொன்னது சரி என்பது கேள்வி.

இந்தப் பரிசோதனையைச் செய்வதும் அறிக்கை எழுதுவதும் என் அன்றாட வேலை. அதனால் முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். கணுக்காலில் பதிவு மின்வாயை (நரம்பின் மின்அலையைப் பிடிக்கத் தோலில் ஒட்டுவது) வைத்து, அதற்கு 14 சென்ரிமீற்றர் மேலே கெண்டைக்காலில் தூண்டும் வழக்கமான முறையில், சூரல் நரம்பின் அலை 6 மைக்ரோவோல்ட்டுக்குக் குறையக் கூடாது, வேகம் செக்கனுக்கு 40 மீற்றருக்குக் குறையக் கூடாது, உச்சத் தாமதம் 4.4 மில்லிசெக்கனைத் தாண்டக் கூடாது என்பது பல ஆய்வுகூடங்கள் வைத்திருக்கும் எல்லை. நரம்பு, தசை மின்பரிசோதனைக்கான அமெரிக்கச் சங்கம் 2016 இல் வெளியிட்ட அளவுகள் கொஞ்சம் தளர்வானவை: உயரத்துக்குக் கீழெல்லை 4 மைக்ரோவோல்ட், உச்சத் தாமதத்துக்கு மேலெல்லை 4.5 மில்லிசெக்கன். ஒரே அறிக்கை ஓரிடத்தில் “இயல்பு” என்றும் இன்னோரிடத்தில் “குறைவு” என்றும் வாசிக்கப்படுவதற்கு இந்த வித்தியாசமே போதும்.

அம்மாவின் அறிக்கையில் உயரம் எந்த எல்லையில் வைத்துப் பார்த்தாலும் தப்பிவிடுகிறது. வேகமும் தாமதமும் இரண்டு கால்களிலும் எல்லைக்குச் சற்று வெளியே நிற்கின்றன. இந்தச் சேர்க்கையைப் பார்த்ததும் எனக்கு நீரிழிவுக்கு முன்னால் வேறொன்றுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் எழுதிய விவரங்களில் பாதத்தின் வெப்பநிலை எங்கே?

காரணத்தைச் சொல்கிறேன். நரம்பில் மின்துடிப்பு ஓடுவது, நரம்பிழையின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் நுண்ணிய வாயில்கள் திறந்து மூடுவதால். குளிரில் அவை மெதுவாகத் திறக்கின்றன, அதனால் துடிப்பு பிந்தி வருகிறது. மெதுவாக மூடுகின்றன, அதனால் அலை அகன்று உயர்கிறது. ஆகவே குளிர்ந்த காலில் வேகம் குறைந்தும், தாமதம் கூடியும், உயரம் குறையாமலும், சில வேளை கூடியும் இருக்கும். பாதத்தின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் வேகம் செக்கனுக்குச் சுமார் 1.5 முதல் 2 மீற்றர் வரை குறையும், தாமதம் சுமார் 0.2 மில்லிசெக்கன் கூடும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1850 இல் தவளையின் நரம்பில் முதன்முதலாக வேகத்தை அளந்த ஹெல்ம்ஹோல்ட்ஸே, குளிரில் அது குறைவதைக் கண்டவர்.

மட்டக்களப்பின் வெயிலை அறிந்தவர்களுக்கு இங்கே கால் குளிர்வதா என்று தோன்றும். ஆனால் அம்மா போன நாளை நினைத்துப் பாருங்கள். மாரி மழை, நனைந்த செருப்பு, பஸ்ஸில் ஒரு பயணம், பிறகு குளிரூட்டிய அறையில் காத்திருப்பு. அப்படி வந்தவரின் புறங்காலில் வெப்பமானியை வைத்தால் 27, 28 பாகை காட்டுவது சாதாரணம். நாங்கள் எதிர்பார்ப்பதோ குறைந்தது 30, முடிந்தால் 32. உங்கள் அம்மாவின் பாதம் அன்று 28 இல் இருந்திருந்தால், 32 க்குக் கொண்டுவந்தபோது அதே நரம்பு செக்கனுக்கு 44 அல்லது 46 மீற்றர் வேகம் காட்டியிருக்கக்கூடும். அப்போது “பழுது” என்ற சொல்லுக்கே இடமில்லை.

கணக்கில் திருத்திக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அந்தத் திருத்தம் ஆரோக்கியமான நரம்புகளில் அளந்து வந்தது. நோய்ப்பட்ட நரம்பு அதே கணக்குக்குக் கட்டுப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காலைச் சூடாக்கி மீண்டும் அளப்பதுதான் முறை. சூடாக்கும் வேலையைப் பரிசோதனை அறையிலேயே, வெப்ப விளக்காலோ துணியால் சுற்றிய சூட்டுப் பையாலோ செய்ய வேண்டும். வீட்டில் சுடுநீரில் காலை வைத்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த நீரிழிவுக் காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

உயரம், வேகம் என்ற இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். அறிக்கை வாசிக்கும் பலர் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பாணமையிலிருந்து உகந்தை, குமணக் காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடியார் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார் என்பதை வைத்துக் கணிப்பதுதான் வேகம். மொத்தம் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் உயரம். பாதிப் பேர் வழியில் நின்றுவிட்டாலும் முதல் ஆள் நேரத்துக்கு வந்துவிடலாம். நீரிழிவில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நரம்பிழைகள் நுனியிலிருந்து செத்துக்கொண்டு வருகின்றன, எண்ணிக்கை குறைகிறது, அலை சிறுக்கிறது. மிஞ்சியிருக்கும் வேகமான இழைகளால் வேகம் நீண்ட காலம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நீரிழிவில் வேகமும் ஓரளவு குறைவது உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் உயரம் நன்றாக இருந்து வேகம் மட்டும் இரண்டு காலிலும் ஒரே அளவில் கொஞ்சம் குறைந்திருந்தால், நோயைக் குறை சொல்வதற்கு முன் வெப்பமானியைத் தேட வேண்டும்.

எதை அளந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தவறு நுழையும் இடங்கள் அங்கேதான் இருக்கின்றன. சூரல் நரம்பு முழங்காலுக்குப் பின்னால் வரும் இரண்டு நரம்புகளின் கிளைகள் சேர்ந்து உண்டாகி, கெண்டைக்காலின் பின்பக்கமாக இறங்கி, வெளிக் கணுக்கால் எலும்புக்கும் குதிகால் நாணுக்கும் இடையிலுள்ள பள்ளத்தால் பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போகிறது. சின்னவிரல் பக்கத்து ஓரத்துக்கு உணர்ச்சி தருவது இதுதான். தசைக்குப் போகும் இழை இதில் இல்லை என்று சொல்லலாம், அதனால்தான் உணர்ச்சி நரம்பைச் சோதிக்க இதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

நோயாளி ஒருக்களித்துப் படுக்கிறார். அந்தப் பள்ளத்தைத் துடைத்து, பதிவு மின்வாய்களை ஒட்டுகிறோம். அளவு நாடாவால் 14 சென்ரிமீற்றர் அளந்து, கெண்டைக்காலின் நடுக்கோட்டுக்குச் சற்று வெளியே பேனாவால் புள்ளி போடுகிறோம். தூண்டுகருவியை அங்கே அழுத்தி, மின்னோட்டத்தை மெல்லக் கூட்டிக்கொண்டு போகிறோம். அலை எழும்பும், வளரும், பிறகு எவ்வளவு கூட்டினாலும் வளராது. அந்த இடத்தையும் கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் பதிவை எடுக்க வேண்டும். அலை மைக்ரோவோல்ட் கணக்கிலான சின்னஞ்சிறு சமாச்சாரம் என்பதால், பல தூண்டல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் இரைச்சலிலிருந்து அது துலக்கமாகப் பிரியும். நோயாளிக்கு வலிக்கிறதே என்று இரங்கி மின்னோட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் உயரம் பொய்யாகக் குறைந்து, இல்லாத நோயொன்று அறிக்கையில் ஏறிவிடும். தூண்டும் இடம் அரை அங்குலம் விலகினாலும் அப்படியே. “அலை இல்லை” என்று எழுதுவதற்கு முன் தூண்டுகருவியை இரண்டு பக்கமும் நகர்த்திப் பார்த்தார்களா என்பது, பரிசோதித்தவரின் பொறுமையைப் பொறுத்த விடயம். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் எடுத்த அறிக்கையை நான் நம்புவதில்லை.

தூரத்தையும் பாருங்கள். உங்கள் அம்மாவின் எண்கள் 14 சென்ரிமீற்றருக்குப் பொருந்துகின்றன: 140 மில்லிமீற்றரை 3.7 ஆல் வகுத்தால் 38 வருகிறது. ஆக, அளவெடுத்ததில் குளறுபடி இல்லை. சில அறிக்கைகளில் இப்படி வகுத்துப் பார்த்தால் எண் பொருந்தாது. அப்போது 12 சென்ரிமீற்றரில் எடுத்துவிட்டு 14 க்கான எல்லையோடு ஒப்பிட்டார்களா என்று கேட்க வேண்டியிருக்கும்.

காலில் வீக்கம் இருந்ததா? இதைக் கட்டாயம் யோசித்துப் பாருங்கள். கணுக்காலில் நீர் கோத்திருந்தால் நரம்புக்கும் மின்வாய்க்கும் இடையில் நீர்ப்படலம் வந்து, அலை சிறுத்துத் தெரியும். உடல் பருத்தவர்களிலும் உயரம் குறைவாகவே வரும். நெட்டையானவர்களில் வேகம் சற்றுக் குறைவு. வயது போகப் போக உயரம் இறங்கிக்கொண்டே போகும், 75 ஐத் தாண்டியவர்களில் சூரல் அலை கிடைக்காமல் போனாலும் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல மாட்டோம். ஒரு காலின் உயரம் மற்றக் காலின் பாதிக்கும் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். அம்மாவுக்கு 7 உம் 6 உம், அந்தச் சிக்கல் இல்லை.

எரிவது உள்ளங்கால், அளந்தது பாதத்தின் வெளி ஓரத்து நரம்பு என்பதும் உங்களுக்கு உறுத்தியிருக்கலாம். நீரிழிவு நரம்பு நோய் நீளமான இழைகளைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால் சூரலைப் பார்த்தே பொதுவாக முடிவெடுக்கிறோம். புறங்காலுக்கு மேலோட்டப் பெரோனியல் நரம்பை அளக்கலாம், அதற்கும் எல்லைகள் ஏறக்குறைய இவையே. உள்ளங்காலுக்கு உட்பக்கப் பாத நரம்பு இருக்கிறது. நோய் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே அதில் தெரியும். ஆனால் வயலிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் தடித்தவர்களில் அந்த அலையை எடுப்பதே பாடு, வயதானவர்களில் ஒன்றுமே கிடைக்காமலும் போகும். கிடைத்தால் அது நல்ல சாட்சி, கிடைக்காவிட்டால் அதை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சூடாக்கி மீண்டும் எடுத்த அறிக்கையில் எல்லா எண்களும் எல்லைக்குள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். “நரம்பில் ஒன்றுமில்லை, எரிவது மனப்பிரமை” என்று யாராவது அம்மாவிடம் சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். இந்தப் பரிசோதனை அளப்பது தடித்த, உறை போர்த்திய இழைகளை. அதிர்வையும் மென்மையான தொடுகையையும் மூட்டின் நிலையையும் கொண்டுபோவது அவை. எரிவையும் வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் இந்த இயந்திரத்தின் கண்ணில் படுவதே இல்லை. நீரிழிவில் இந்த மெல்லிய இழைகள் பல வேளை முதலில் பாதிக்கப்படுகின்றன. இரவில் எரியும் கால்கள், அச்சொட்டான சூரல் எண்கள், இரண்டும் ஒரே ஆளில் ஒன்றாக இருக்கலாம். அந்த எரிவு உண்மையானது, அதற்கு மருந்தும் உண்டு.

அதனால் கிளினிக்குக்குப் போகும்போது அறிக்கையோடு மட்டும் நிற்காமல் காலையும் காட்டுங்கள். பெருவிரலில் 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா, 10 கிராம் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டால் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சில நிமிட வேலை. பாதத்தில் புண் வரப்போகும் ஆபத்தைச் சொல்வதில் அந்த நைலோன் இழைக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். இயந்திரம் இல்லாத கிராமத்து வைத்தியசாலையிலும் அதைச் செய்யலாம்.

அம்மா மெட்ஃபோர்மின் குளிசை எடுக்கிறாரா? நீண்ட காலம் எடுப்பவர்களில் விற்றமின் பி12 குறையலாம், அந்தக் குறைபாடும் நீரிழிவைப் போலவே காலில் விறைப்பையும் எரிவையும் தரும். ஊசியாலோ குளிசையாலோ திருத்தக்கூடிய காரணத்தைப் பார்க்காமல் விடுவது அநியாயம். மரக்கறி உணவு மட்டும் சாப்பிடுபவரானால் இன்னும் கவனம் வேண்டும். சிறுநீரகமும் தைரொய்டும் எப்படி இருக்கின்றன என்பதையும் அதே குருதிப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

நம் பகுதியில் இன்னொன்றை மறக்கக் கூடாது. தொழுநோய் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலையின் கதையாகி முடிந்துபோன நோய் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அந்த நோய்க்குச் சூரல் நரம்பு பிடித்தமான இடங்களில் ஒன்று. ஒரு காலில் அலை இல்லை, மற்றக் காலில் நன்றாக இருக்கிறது என்றாலோ, தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தாலோ, கணுக்காலுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ நரம்பு கயிறு போலத் தடித்துத் தட்டுப்பட்டாலோ, அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காட்ட வேண்டும். மருந்து இலவசம், நோய் முற்றாகக் குணமாகும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, பிந்தினால்தான் கை கால் போகும். உங்கள் அம்மாவின் இரண்டு காலும் ஒன்றுபோல இருப்பதால் அவரில் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. இதை வாசிக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

நாரி வலியோடு ஒரு காலின் வெளி ஓரம் மட்டும் விறைக்கும் ஆட்களும் இதே அறிக்கையோடு வருவார்கள், பெரும்பாலும் வயல் வேலை, மூட்டை தூக்கும் வேலை செய்பவர்கள். அவர்களில் சூரல் எண்கள் சுத்தமாக இருக்கும். முள்ளந்தண்டில் வட்டு விலகி வேரை நசுக்கும் இடம், உணர்ச்சி நரம்பின் உயிரணு இருக்கும் முடிச்சுக்கும் உள்ளே, முண்ணாண் பக்கமாக இருக்கிறது. முடிச்சு தப்பிவிட்டதால் அதற்கு வெளியே பாதம் வரை போகும் இழைகள் சாவதில்லை, அலை குறைவதில்லை. கால் விறைத்திருக்கச் சூரல் இயல்பாக இருப்பதே கோளாறு மேலே, நாரியில் என்று காட்டும் சாட்சியாகிவிடும்.

மீண்டும் பரிசோதனைக்குப் போவதானால் மழையில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். காலுறை போட்டுக் கூட்டிப்போங்கள். அன்று காலையில் காலில் எண்ணெயோ கிறீமோ பூச வேண்டாம், மின்வாய் ஒட்டாது. அம்மாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடங்குவதற்கு முன், “பாதத்தின் வெப்பநிலையை அளந்து அறிக்கையில் எழுதுவீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல இடத்தில் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

கையில், பெருவிரல் பக்கத்துப் புறங்கைக்கு உணர்ச்சி தரும் ரேடியல் நரம்பையும் அதே நாளில் எடுக்கச் சொல்வது நல்லது. சூரலின் உயரத்தை ரேடியலின் உயரத்தால் வகுத்தால் வரும் விகிதம் 0.4 க்குக் கீழே இருந்தால், சூரல் தனியே பார்க்கும்போது எல்லைக்குள் நின்றாலும், கால் நுனியில் இழைகள் குறையத் தொடங்கியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். ரேடியல் 15 ஆக இருந்து சூரல் 7 ஆக இருந்தால் விகிதம் 0.47, பயமில்லை. ரேடியல் 25 ஆக இருந்தால் அதே 7 க்கு விகிதம் 0.28, அப்போது இரண்டாவது வைத்தியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வயது கூடியவர்களில் இந்த விகிதமும் கொஞ்சம் தளரும் என்பதால் இதையும் மற்ற எண்களோடு சேர்த்தே பார்ப்பேன். கால் சூடானபின் சூரலின் உயரம் 7 இலிருந்து சற்று இறங்கக்கூடும், அதைக் கண்டு பதற வேண்டாம், நான் மேலே சொன்ன காரணம்தான்.

ஆகவே தம்பி, இப்போது கையில் இருக்கும் தாளை மட்டும் வைத்து இரண்டு வைத்தியரில் ஒருவர் பக்கமும் நான் சாய மாட்டேன். புதிய அறிக்கை வந்ததும் பாதத்தின் வெப்பநிலை, ரேடியல் நரம்பின் உயரம், பி12 அளவு, கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் குருதிப் பரிசோதனை) ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அம்மா வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்கட்டும். இரவு படுக்கப் போகுமுன் நீங்களோ வீட்டில் வேறு யாரோ விளக்கு வெளிச்சத்தில் அவருடைய இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.